தொண்ணூற்றேழு புள்ளிப் பிரியம்

அன்பு அன்றைக்குப் புள்ளி ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. போன வாரத்தைவிட எண்பது ரூபாய் ஏற்றம். ஏன் என்று கேட்டால், கல்யாண மாதம், சீர்வரிசைத் தட்டுகளோடு ஒரு பிராணியையும் வைக்காமல் பெண்ணை அனுப்ப முடிகிறதா என்றார்கள். கண்ணபுரம் சந்தைத் திடலின் விலைப்பலகையில் நாய் எழுபது, கிளி ஐம்பத்தைந்து, பூனை முப்பத்தொன்று என்று எண்கள் ஓடின. பூனைக்காரர்கள் எப்போதும்போல ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாச்சிமுத்து அந்தத் திடலில் முத்திரைத் தரகர். இளவயதில் அதே வெள்வேல மரங்களுக்கு அடியில் காளை விற்றவர். உழவுக்கு எந்திரம் வந்து காளை போனது. பிறகு அன்புமானி வந்தது. மடியில் வைத்துக் கொஞ்சுகிற உயிர்களுக்குச் சந்தை பிறந்தது. மானி என்பது பெரிய சங்கதி இல்லை. பிராணியின் காதோரம் பொட்டு அளவுக்கு ஓர் ஒட்டு. வாங்குகிறவர் விரலில் ஒரு மோதிரம். இரண்டும் நாலு முழத்துக்குள் இருந்தால் போதும். அந்த உயிரின் இதயம், மூச்சு, தசை முறுக்கு எல்லாவற்றையும் கலந்து வடித்து, மோதிரக்காரர்மேல் அதற்குள்ள பிரியம் நூற்றுக்கு இத்தனை என்று மோதிரத்தின் முகத்தில் எண் மினுங்கும். பதினாலு வருடத்தில் மருமகள் எடுப்பது, வேலைக்கு ஆள் வைப்பது, உயில் எழுதுவது எல்லாமே மோதிரம் பார்த்துத்தான் என்று ஆகிவிட்டது.

மானியை யாரும் வாங்கிவிடலாம். அதை ஏமாற்றுகிற வழிகளை அறிந்த ஒருவர் வைத்த முத்திரைக்குத்தான் மதிப்பு. நாச்சிமுத்துவின் முத்திரைக்கு இரண்டரை சதவீதம். உப்புத் தண்ணீர் குடிக்கவைத்துக் காளையின் வயிற்றை உப்பவைத்தவர்களையும், கொம்பைச் சீவி வயதை மறைத்தவர்களையும் பார்த்து வளர்ந்த மனிதர். கருவாட்டுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாயிடம் எண்பது வாங்குகிறவரெல்லாம் அவர் முன்னால் எம்மாத்திரம்?

தவிர, அவர் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று தொங்கியது. மனைவி கோகிலவாணி அவர்மேல் வைத்திருக்கும் பிரியம்: தொண்ணூற்று நான்கு. தாலுக்காவிலேயே உயர்ந்த எண். அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், இந்த ஆள் முத்திரை வைத்தால் சரியாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தப் புதன்கிழமை, கோயம்புத்தூரிலிருந்து நிரஞ்சனா என்ற விற்பனை அதிகாரி ஒரு குளிர்க்கூட்டை வண்டியிலிருந்து இறக்கினாள். வெளியே நாற்பத்தொரு டிகிரி. கூட்டுக்குள் பதினெட்டு. கண்ணாடிக்குப் பின்னால் முயலுக்கும் அணிலுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பந்து உட்கார்ந்திருந்தது.

"சின்சில்லாங்க ஐயா. தென்னமெரிக்க மலை உச்சியில இருக்கறது. எங்க 'வெண்பனி உயிரகம்' நானூறு உருப்படி வளத்து வெச்சிருக்குது. ஞாயித்துக்கிழமை சந்தைக்கு உங்க முத்திரை வேணும்."

"மலை உச்சியில இருக்கறதக் கொண்டாந்து காங்கயம் வெயில்ல விக்கறீங்களாக்கும்?"

"கூடு இருக்குதுங்களே. கரண்டு போனா மட்டும் கொஞ்சம் பாத்துக்கோணும். ஒரு மணி நேரம் தாங்காது."

"அப்பக் கரண்டுக்காரன் மேல அதுக்கு எத்தன புள்ளின்னு பாத்தியா அம்மணி?"

நிரஞ்சனா தொழிலுக்குத் தேவையான அளவு சிரித்தாள். கூட்டைத் திறந்து அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். பட்டு, பஞ்சு, கன்றுக்குட்டியின் காதுமடல் என்று நாச்சிமுத்து தொட்டறிந்த எதுவும் பக்கத்தில் வராது. விரல் முடிக்குள் போனது தெரிந்தது, முடி எங்கே தொடங்கியது என்பது தெரியவில்லை. ஒரு வேர்க்காலில் அறுபது முடி என்றாள் அவள்.

"அந்தக் காலத்துல ஒரு மேல்கோட்டுக்கு நூத்தம்பது தோலுங்க. காட்டுல இருந்ததுக எல்லாம் அப்பிடியே அழிஞ்சு போச்சு. நாம இப்ப உசுரோட விக்கறோம். முன்னேற்றந்தானுங்களே?"

மோதிரத்தில் எண் ஏறிக்கொண்டிருந்தது. அறுபது. எண்பத்தைந்து. தொண்ணூற்றேழு.

நாச்சிமுத்துவின் புருவமும் கூடவே ஏறியது. பார்த்து ஒரு நிமிடம் ஆகாத பிராணிக்கு அவர்மேல் தொண்ணூற்றேழா? பெற்ற பிள்ளையே எண்பத்திரண்டில் நிற்கிறான். மோதிரத்தைக் கழற்றிப் பிராணியோடு வண்டி ஓட்டுநரிடம் கொடுத்தார். அவருக்குத் தொண்ணூற்றாறு. டீ கொண்டுவந்த அம்மாளுக்குத் தொண்ணூற்றெட்டு. பழைய பழக்கத்தில் அதன் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார். பல் காவி நிறத்தில் இருந்தது.

"வெத்தல போட்டாப்புல இருக்குது?"

"அது அப்பிடித்தான் இருக்கோணுங்க. வெள்ளையா இருந்தாத்தான் சீக்கு."

நானூறு உருப்படி. ஒவ்வொன்றும் தொண்ணூற்றேழு புள்ளி என்றால் கமிஷன் பதினொரு லட்சத்து அறுபத்துநாலாயிரம் என்று அவர் மனம் கூட்டி முடித்தபோதே, இவ்வளவு சுலபமாக வருகிற பதினொரு லட்சம் யாரிடமிருந்து போகிறது என்ற கேள்வியும் வந்து நின்றது.

"ஒண்ணை வீட்டுக்குக் கொண்டுபோறேன். சனிக்கெழமை சொல்றேன்."

"பாத்தாத் தெரியலீங்களா?"

"பாத்தாத் தெரியறதுக்கு எனக்கெதுக்கு ரெண்டரை பர்சண்டு?"

*

வீட்டில் குளிரூட்டிய அறை ஒன்றுதான், அது நாச்சிமுத்துவின் படுக்கையறை. கோகிலவாணிக்குக் குளிர் ஆகாது. அப்படி அவள் சொல்லி இருபது வருடம் ஆகிறது; அன்றிலிருந்து கூடத்தில்தான் படுக்கை. பிராணிக்கு அவர் தன் அறையைக் கொடுத்தார்.

மூன்று நாளும் துப்பறிந்தார். குடிநீரை மாற்றினார். காய்ந்த புல்லை உதறிப் பார்த்தார். மயக்க மருந்து இருக்கிறதா என்று எச்சிலைச் சோதனைக்கு அனுப்பினார், ஒன்றும் இல்லை. கூட்டில் ஒளித்த கருவி ஏதும் இல்லை. ஒட்டை மாற்றி, மோதிரத்தை மாற்றி, கையைக் கழுவிக்கொண்டும் கழுவாமலும் தூக்கினார். தொண்ணூற்றாறுக்குக் கீழே அது இறங்கவில்லை. தப்பு எங்கேயும் இல்லை என்பதே அவருக்குப் பெரிய தப்பாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம். சந்தைப் பாக்கியை வசூலித்துக்கொண்டு வழக்கத்துக்கு முன்பே வீடு திரும்பினார். தன் அறைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. கோகிலவாணியின் சிரிப்பு என்று கண்டுபிடிக்க அவருக்கு நேரம் பிடித்தது.

கதவைத் தள்ளினார். பிராணி கூட்டுக்கு வெளியே இருந்தது. சுவரில் பாய்ந்து, அங்கிருந்து எதிர்ச் சுவருக்குத் தாவி, அலமாரிமேல் நின்று ஒரு முறை கீச்சிட்டு, மறுபடி பறந்தது. மூலையில் ஒரு தாம்பாளம் நிறைய மாவுபோன்ற புழுதி. அதில் விழுந்து புரண்டு, அறை முழுக்கப் புகை கிளப்பி எழுந்தது. கோகிலவாணி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தலையெல்லாம் புழுதியோடு கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"குளிரு ஆகாதுன்னியே புள்ள?"

கை நின்றது. சிரிப்பு நின்றது. அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவரோரம் நின்றாள். "சரிங்க. போயிர்றேன்."

"போகச் சொன்னனா? எதுக்கு அவுத்து உட்டே?"

"நாலு மணிக்கு மேல அது கூட்டுக்குள்ள சுத்திச் சுத்தி வருதுங்க. அதான். தண்ணியில குளிக்காதாம், புழுதியிலதானாம். கூட்டு மேல எழுதியிருக்குது. ராசாத்திக்குன்னு மாவுக்கல்லு இடிச்சேன்."

ராசாத்தி என்று பேர் வேறு வைத்திருக்கிறாள். நாச்சிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மோதிரத்தைப் பார்த்தார். பிராணி மூன்று முழத் தூரத்தில் தாவிக்கொண்டிருந்தது. எண் பதினொன்று.

அவள் முன்னால் நிற்கிறாள் என்பதால் இருக்கும் என்று நினைத்து, எட்டிப் பிராணியைப் பிடித்தார். தொண்ணூற்றேழு. விட்டார். ஒரு நிமிடம் அசையாமல் கிடந்து, பிறகு சுவரில் தாவியது. பதினான்கு, பதினொன்று, ஒன்பது.

"புடிச்சா அசையறதில்லீங்க," என்றாள் கோகிலவாணி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "உட்டாத்தான் குதிக்குது."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். காளைச் சந்தையில் விலை பேசுகிறவர்கள் வாய் திறப்பதில்லை. இருவர் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் எண் சொல்வார்கள். முதல் பிடி பத்துகள், அடுத்த பிடி ஒன்றுகள். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. நல்ல தரகனுக்கு எண்ணைவிடக் கைதான் முக்கியம். இழுக்கிற கை, கிள்ளுகிற கை, வேர்க்கிற கை எல்லாம் இன்னும் பேரம் பேசத் தயாராக இருக்கிற கை.

மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பிராணியைப் பிடித்துத் துண்டுக்குள் வைத்து, அதன் முன்னங்காலை இரு விரலால் பிடித்தார். நாலே நாலு விரல், அரிசி முனை அளவு. எண் இல்லாமல், கண் இல்லாமல், கையை மட்டும் கேட்டார்.

கை அசையவில்லை. அந்த அசையாமையை அவருக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன்னால், வட்டிக்காரர் வாசலில் நிற்க, ஒரு சோடிக் காளையைக் கொண்டுவந்த பாப்பினி கிராமத்து விவசாயி ஒருவரின் கை இப்படித்தான் துண்டுக்குள் கிடந்தது. நாச்சிமுத்து பாதி விலைக்குப் பிடித்தார். அந்தக் கை இழுக்கவில்லை. கால் விலைக்குப் பிடித்திருந்தாலும் இழுத்திருக்காது. எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டுவிட்ட கை.

திடுக்கிட்டு அவர் விரலை இறுக்க, பிராணி ஒரே உதறலில் துண்டைவிட்டுப் பாய்ந்தது. அவர் கையில் ஒரு பிடி முடி மட்டும் இருந்தது. பிய்ந்ததுபோல இல்லை, அதுவே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

*

சனிக்கிழமை நிரஞ்சனா சந்தைக் கொட்டகைக்கு வந்தாள். நாச்சிமுத்து மேசைமேல் அந்த முடியை வைத்தார்.

"புடிச்ச எதிரி கையில முடிய உட்டுட்டு ஓடறதுங்க," என்றாள் அவள். "மலையில பருந்து புடிச்சா அப்பிடித்தான் தப்பிக்கும்."

"அப்ப நான் பருந்து."

அவர் அந்த முடியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பயந்து கெலி புடிச்சாத் தொண்ணூத்தேழு, சந்தோசமா இருந்தாப் பதினொண்ணு. உங்க மானி தலைகீழா நிக்குது அம்மணி. எவனோ உள்ள கைய வெச்சிருக்கறான்."

"யாரும் வெக்கலீங்க ஐயா. மானிக்குப் பிரியம்னா என்னன்னு தானாத் தெரியுங்களா? நாமதான சொல்லிக்குடுக்கோணும்? மொதல்ல ஒரு லட்சம் வீட்டுல ஒட்டும் பொத்தானும் குடுத்தாங்க. உங்க பிராணி உங்க மேல பிரியமா இருக்குதுன்னு எப்பத் தோணுதோ, அப்ப அழுத்துங்கன்னாங்க. எப்ப அழுத்துனாங்க தெரியுங்களா? கையில அசையாமக் கெடந்தப்ப. மடியவிட்டு எந்திரிச்சுப் போனப்ப ஒருத்தரும் அழுத்தலீங்க. அந்த நேரத்துல அதோட ஒடம்பு எப்பிடி இருந்துச்சோ, அதத்தான் மானி படிச்சுக்கிச்சு."

பலகையில் பூனை முப்பத்தொன்று என்று ஓடியது. நாச்சிமுத்துவுக்கு இப்போதுதான் அதன் காரணம் பிடிபட்டது.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"வேலைக்குச் சேந்த மொத வாரம். கம்பெனியில எல்லாத்துக்கும் தெரியுங்க. சரியான மானி ஒண்ணும் செஞ்சு பாத்தாங்க. ஆசையா வளத்தவங்க வீட்டுலயெல்லாம் நுப்பது, நாப்பதுன்னு காட்டுச்சு. ஒருத்தரும் வாங்கல. திருப்பி அனுப்பீட்டாங்க."

நாச்சிமுத்து துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கேட்க விரும்பாத கேள்விக்கு முன்னால் அவர் செய்கிற வேலை அது.

"மனுசங்களுக்கு?"

"அதே மானிதானுங்க. ஒட்டு மட்டும் கொஞ்சம் பெருசு."

கொட்டகையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ ஒரு கிளிக்கு ஐம்பத்தெட்டு கேட்டு, இல்லை என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முத்திரை வெக்க மாட்டேன்," என்றார்.

"ஐயா, ஞாயித்துக்கெழமைச் சந்தை. பதினொரு லட்சம் சும்மா வருதுங்க."

"ஒண்ணு செய்யறேன். நானூறு சீட்டுலயும் எண்ணுக்குப் பதிலா ஒரு வரி எழுதித் தர்றேன். 'கையில் எடுக்காதவரை நலம். குளிரில் வைக்கவும், அவிழ்த்து விடவும், இருபது வருடம் இருக்கும்.' அதுக்குக் கீழ முத்திரை."

நிரஞ்சனா இந்த முறை உண்மையாகவே சிரித்தாள். "கையில எடுக்கக் கூடாதுன்னா எவனுங்க வாங்குவான்?"

"அதான் எனக்கும் தெரியோணும்."

அவள் எழுந்து போனாள். ஞாயிற்றுக்கிழமை ராசாத்தி தவிர மற்றவை எல்லாம் வேறொரு தரகரின் முத்திரையோடு மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்ந்தன. நாச்சிமுத்துவே ஒதுக்கிவிட்டார் என்றால் அவர் மறைமுகமாக வாங்கிச் சேர்க்கிறார் என்று பேச்சுக் கிளம்பி, விலை புள்ளிக்கு அறுபது ரூபாய் ஏறியதுதான் அவர் கண்ட பலன். ராசாத்தியின் விலையை மட்டும் அவர் பேரம் பேசாமல் கட்டினார். திருப்பி அனுப்ப மலையும் இல்லை, வழியும் இல்லை. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபது வருடம் என்றால் யார் யாரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது என்பது சந்தேகம்தான்.

*

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் நின்று சட்டத்தைப் பார்த்தார். தொண்ணூற்று நான்கு. போன பொங்கலுக்கு அளவெடுக்க வந்தவர்கள், "அம்மா அப்பிடியே செலையாட்டம் நிக்கறாங்க பாருங்க" என்று புகழ்ந்தது ஞாபகம் வந்தது.

அவள் கேட்டவை ஞாபகம் வந்தன. பல்லடத்தில் அக்கா வீட்டுக்குப் பத்து நாள் கேட்டாள், இரண்டில் முடித்தார். தையல் கடை வைக்கக் கேட்டாள். ஒரு தையல் எந்திரத்தில் முடித்தார், அதையும் பழையதாகப் பார்த்து. எல்லாமே நல்ல பேரம். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். குறை ஒன்றும் இல்லாத மனைவி என்று அவர் ஊரெல்லாம் சொன்னார்.

"கோகிலா."

உள்ளேயிருந்து வந்து சுவரோரம் நின்றாள்.

அவர் மோதிரத்தைக் கழற்றிச் சட்டத்தின் ஆணியில் மாட்டினார். எதிரே உட்காரச் சொல்லி, "கையக் குடு" என்று துண்டைப் போட்டார்.

கை வந்தது. குளிர்ந்து, கனமில்லாமல், அவர் பிடித்தபடி கிடந்தது. பாப்பினி விவசாயியின் கை. முப்பத்தொரு வருடமாகப் பிடித்திருக்கிறார். துண்டு போட்டு ஒரு முறையும் பார்த்ததில்லை.

"வெலைய நீ சொல்லு புள்ள. நான் கொறைக்க மாட்டேன்."

"எதுக்குங்க வெலை?"

"என் மேல உனக்கு இருக்குதே, அதுக்கு. நூத்துக்கு எத்தன?"

"அதான் சட்டம் போட்டு மாட்டியிருக்குதுங்களே."

"அது அந்த எந்திரம் சொன்னது. நீ சொல்லு. எதுன்னாலுஞ் சரி."

அறைக்குள் ராசாத்தி சுவரில் பாய்கிற சத்தம் தொம் தொம் என்று கேட்டது. பிறகு துண்டுக்குள் அந்தக் கை திரும்பியது. சூடேறியது. தேர்ந்த தரகனின் பிடிபோல அவருடைய நாலு விரலைச் சேர்த்துப் பிடித்து, விட்டது. அப்புறம் ஒற்றை விரலை.

நாற்பத்தொன்று.

வாழ்நாள் பழக்கம் விடுமா? அவரை அறியாமல் அவருடைய ஐந்தாவது விரலும் அவள் உள்ளங்கைக்குள் நுழைந்தது. அவள் அதை நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆவ்!"

"கொறைக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டு, ஏத்திக் கேட்டா மட்டும் ஞாயமுங்களா?" என்றாள் கோகிலவாணி. வெள்ளிக்கிழமை கதவுக்கு வெளியே கேட்ட சிரிப்பு இப்போது எதிரேயே கேட்டது.

"இந்தப் பிடியெல்லாம் நீ எப்பக் கத்துக்கிட்டே?"

"வாசல்ல நின்னு எத்தன சோடி வித்தீங்க? துண்டு எப்பிடி அசையுதுன்னு பாப்பேன். அப்பறம் உள்ள வந்து வெலை சொல்லுவீங்க. ரெண்டையும் சேத்துப் பாத்துக்குவேன்." கையை உருவிக்கொண்டு எழுந்தாள். "நாளைக்கு அக்கா ஊட்டுக்குப் போறனுங்க. பத்து நாளு. ராசாத்திக்குப் புழுதி சலிச்சு டப்பாவுல வெச்சிருக்கறேன். அதத் தூக்காதீங்க."

கேட்கவில்லை, சொன்னாள். நாச்சிமுத்துவுக்கு நாக்கு நுனிவரை வந்த எண் ஐந்து. விழுங்கினார்.

பூனையைவிடப் பத்துப் புள்ளி கூடத்தான் என்று தேற்றிக்கொண்டு, சட்டத்தைக் கழற்றித் திருப்பினார். பின்பக்க அட்டையில் பென்சிலால் எழுதினார்:

மானிப்படி 94.
துண்டுப்படி 41.
பாக்கி 53.
கெடு: பார்ட்டி சொல்லவில்லை.